அம்மாவின் எட்டாயிரம் அடிகள்

அந்த ஸ்மார்ட் வாட்ச்சை அம்மாவின் இடது கையில் கட்டியபோது வீட்டில் அம்மா, அப்பா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். அக்கா இல்லை. அவள் முக்கூடலில் மாப்பிள்ளை வீட்டில் இருந்தாள். அக்கா இருந்திருந்தால் விஷயம் மறுநாள் காலையிலேயே வெளியே வந்திருக்கும். நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். விக்கிரமசிங்கபுரத்துக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றும் ஞாயிற்றுக்கிழமை.

வாட்ச் புதிதல்ல, ஒன்றரை வருடம் நான் கட்டியது. எங்கள் வீட்டில் சாதனங்களுக்குச் சாவு கிடையாது, பதவி இறக்கம்தான் உண்டு. என் பழைய போன் அம்மாவுக்குப் போகும். அம்மாவின் பழைய போன் அப்பாவுக்கு. அப்பாவின் பழைய போன் அலமாரிக்குள் கிடந்து யாரும் வைக்காத அலாரத்தை அடித்துக்கொண்டிருக்கும். எந்தப் போனோடும் சேராத சார்ஜர்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய உண்டு. எதை வாங்கினாலும் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக் கடைசி வரி வரை படிப்பவன் நான். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்பதால், அச்சில் இருப்பது என்று நான் எதைச் சொன்னாலும் வீட்டில் நம்புவார்கள். நானும் நம்புவேன்.

வாட்ச் தேவைப்பட்டது சர்க்கரைக்காக. மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையில் அம்மாவுக்கு ஒன்பது புள்ளி நான்கு வந்திருந்தது. அம்பாசமுத்திரம் டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டு, தினம் எட்டாயிரம் அடி நடக்கச் சொன்னார். மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்றார். அம்மாவுக்கு அந்த ஊசியின் மேல் தீராத பயம். பெரியம்மாவுக்கு ஊசி ஆரம்பித்த மறுவருடம் கால் விரல் இரண்டை எடுத்தார்கள். விரலை எடுக்க வைத்தது சர்க்கரை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊசி என்று அம்மா சொன்னாள்.

நடப்பது அதைவிடப் பெரிய சிக்கல். அம்மா பீடி சுற்றுகிறாள். காலையில் முறம் மாதிரியான சுளவை மடியில் வைத்து உட்கார்ந்தால் இலை, தூள், நூல் என்று பொழுது சாயும்வரை அதே இடம். நடக்கிற நேரமெல்லாம் பீடி குறைகிற நேரம். அது போக, சோலி இல்லாமல் ஒரு பொம்பளை ரோட்டில் போய்விட்டு வெறுமனே திரும்பி வந்தால் தெருவில் என்ன கேட்பார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். நான் வாட்ச்சைக் கட்டிவிட்டு, வீட்டுக்குள் நடப்பதும் கணக்குதான், இதில் எட்டாயிரம் வந்தால் போதும் என்று சொன்னேன். இந்த வாக்கியத்தை நான் சொன்னதற்கு அப்பா சாட்சி.

அம்மாவின் கணக்கு என் போனிலும் தெரியும்படி செய்திருந்தேன். முதல் வாரமே அசந்துபோனேன். திங்கட்கிழமை ஏழாயிரத்து எண்ணூறு. செவ்வாய் எட்டாயிரத்துச் சொச்சம். காலை பதினோரு மணிக்குள் இரண்டாயிரத்தைத் தாண்டிவிடுவாள். சாயங்காலம் ஏழாயிரத்து எழுநூறில் நிற்கிற எண் மெல்ல ஏறி, எட்டாயிரத்துப் பத்தில் சரியாக நிற்கும். இந்தக் கடைசி முந்நூறை அவள் விடாமல் முடிப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கணினிக் கூடத்தில் கூட வேலை பார்ப்பவர்களிடம் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆயிரத்து நானூறு, ஐந்நூறு என்று விழும். நான் வந்திருக்கிற நாள், இலை வாங்கிச் சுற்றிய பீடியைக் கொடுக்கும் கடைக்கும் லீவு, ஓய்வு எடுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா நூல் மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். மில் இரைச்சலில் காது போய்விட்டதால் எதையும் உரக்கத்தான் சொல்வார். அவருடைய போன் கணக்கில் டீக்கடைக்குப் போய்வரும் இரண்டாயிரம் அடிதான் இருக்கும். அம்மாவைப் பாருங்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டினேன்.

"அவ எங்கடே நடந்தா? இருந்த எடத்த விட்டு அசையல."

அவர் பாதி நாள் டீக்கடையில் இருப்பவர், அவருக்கு எப்படித் தெரியும் என்று விட்டுவிட்டேன். அம்மா சிரித்தாள்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. பத்து புள்ளி இரண்டு.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கல்லூரி முடிந்து அம்பாசமுத்திரம் போய், டாக்டரம்மாவிடம் போனைக் காட்டினேன். மூன்று மாதத்து எண்களும் பச்சைக் கம்பிகளாக நிமிர்ந்து நின்றன. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இவ்வளவு நடந்தும் ஏறுகிறது என்றால் வேறு லேபில் ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த புதன்கிழமை வாருங்கள், ஊசியை அன்றைக்கு முடிவு செய்யலாம் என்றார். வெளியே வந்ததும் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மெசினு சரியாத்தானலே காட்டுது?" என்று கேட்டாள். சரியாகத்தான் காட்டுகிறது, லேபில்தான் தப்பு என்றேன்.

அதை நிரூபிக்க இன்னொரு வாட்ச் வாங்கினேன். அந்த மாடலை இரண்டு மாதமாகப் பார்த்து வைத்திருந்தேன் என்பதும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை பழையதை இடது கையிலும் புதியதை வலது கையிலும் கட்டிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை இடது கை எட்டாயிரத்து அறுநூறு, வலது கை ஒன்பதாயிரத்து நூறு. இரண்டு வேறு வேறு கம்பெனி வாட்ச்சும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன. எனக்கு அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை. இரண்டாவது லேப் மட்டும் பத்து புள்ளி மூன்று என்றது.

புதன்கிழமை லீவு போட்டு காலை பஸ்ஸில் வந்தேன். வேலை நாளில் நான் வீட்டுக்கு வந்தது அந்த மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை. அக்காவும் முக்கூடலில் இருந்து வந்திருந்தாள். டாக்டரைப் பார்ப்பது மத்தியானம் என்பதால் இரண்டு பேரும் எதிரெதிரே சுளவை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா எட்டாவது வரை படித்தவள். அவள் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"எம்மா, நீ எந்திரிக்கவே இல்ல. இது பாட்டுக்கு ஓடுது." பிறகு என்னைக் கூப்பிட்டாள். "ஏலே, இங்கன வந்து பாரு."

அருகில் உட்கார்ந்து பார்த்தேன். இலையை வைத்து, தூளைப் போட்டு, கை ஒரு சுற்று சுற்றி, நூலைக் கட்டி, பீடியின் தலையை மடக்கியது. எண் பத்து ஏறியது. அடுத்த பீடிக்கு ஒன்பது. ஒரு கட்டுக்கு இருபத்தைந்து பீடி. ஒரு கட்டு முடிந்தபோது இருநூற்று நாற்பது ஏறியிருந்தது. அம்மா ஒரு நாளைக்கு எண்ணூறு பீடி சுற்றுவாள்.

பொடி எழுத்துத் தாளில் கை அசைவை வைத்து அடிகள் கணக்கிடப்படும் என்று இருந்தது. அதையும் நான் படித்திருந்தேன்.

"எனக்கு அப்பமே தெரியும்," என்றாள் அம்மா, சுற்றுவதை நிறுத்தாமல்.

தெரிந்தால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எட்டாயிரம் வந்தா போதும்னு நீதானல சொன்ன. வந்துட்டுல்லா. கை நடந்தா என்ன, கால் நடந்தா என்ன? மேலு வலிக்கத்தான செய்யுது."

அவள் என்னை ஏமாற்றவில்லை. படித்த பையன் கொண்டுவந்த மெஷின், அவள் வேலையை நடை என்று ஏற்றுக்கொண்டது. அதை அவளும் ஏற்றுக்கொண்டாள். எட்டாயிரத்துக்குக் குறைந்த சாயங்காலங்களில் இன்னும் ஒரு கட்டோ இரண்டு கட்டோ சுற்றி எண்ணைச் சரிசெய்திருக்கிறாள். எனக்குப் பிடித்திருந்த அந்தக் கடைசி முந்நூறு அதுதான். பீடிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த கொஞ்ச நடையைக்கூட அப்பாவிடம் விட்டுவிட்டாள். சுருக்கமாகச் சொன்னால், அம்மா நடக்க வேண்டும் என்று நான் கட்டிவிட்ட வாட்ச், மூன்று மாதமாக அவளை வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார வைத்திருக்கிறது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் உரக்கச் சொன்னேன். "நான் அன்னைக்கே சொன்னேம்லா," என்று டீக்கடைக்குக் கிளம்பினார்.

டாக்டரம்மா முழுக் கதையையும் கேட்டார், சிரிக்கவில்லை. இன்சுலின் எழுதினார். நிஜமாகவே நடந்தால் அளவைக் குறைக்கலாம், நிறுத்தவும் பார்க்கலாம், ஆனால் இப்போது போட்டே ஆக வேண்டும் என்றார். பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வழி நெடுக வெளியே பார்க்காமல் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கைகளில் இரண்டு வாட்ச்சும் அப்படியே இருந்தன. பஸ் குலுங்கியதில் இரண்டிலும் அம்மா நடந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்காதான் வழி சொன்னாள். கையில் கட்டினால்தானே இந்தக் கூத்து, காலில் கட்டு என்றாள். கணுக்காலுக்கு வார் எட்டவில்லை. நீள வார் ஒன்று வாங்கி வந்தேன். முதல் ஊசியை அக்கா போட்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு பெரியம்மாவைப் பற்றி ஏதோ முனகினாள். மறுநாளில் இருந்து சேலைக்கு அடியில் வாட்ச்சும் கையில் காலிப் பையுமாகச் சாயங்காலம் கால்வாய் வரை போய் வருகிறாள். பை எதற்கு என்றால், சோலியாகப் போவதுபோல இருக்க வேண்டுமாம். முதல் நாள் இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. இப்போது நாலாயிரத்தைத் தொட்டிருக்கிறாள். ஊசி நிற்குமா என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை, இதுக்கெல்லாம் மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள். புது வாட்ச் மூவாயிரத்து இருநூறு, இரண்டாவது லேப் ஐந்நூற்றைம்பது, நீள வார் இருநூற்றைம்பது, முதல் மாதத்து இன்சுலினும் ஊசிகளும் ஆயிரத்து அறுநூறு. போனில் கூட்டிப் பார்த்து, ஐயாயிரத்து அறுநூறு ரூபாய் என்றேன். ஆயிரம் பீடிக்கு அம்மாவுக்குக் கூலி இருநூற்றெண்பது. அவளுக்குப் போன் தேவைப்படவில்லை.

"இருவதாயிரம் பீடி," என்றாள்.