முதுகில் எழுதிய சிங்கம்

புனேயில், வானவடியில் எங்கள் வீட்டு ஹாலில் மின்விசிறி பல வருடங்கள் ஓடவில்லை. பழுது ஒன்றும் இல்லை. அதன் காற்று பட்டால் என் முதுகின் இடது பக்கம் தீப்பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். ஏப்ரல் வெயிலில் வந்த விருந்தாளிகள் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு மேலே பார்ப்பார்கள். என் கணவர் அன்றைய பேப்பரை மடித்து, விசிறிக்கொள்ள நீட்டுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் எனக்கு அக்கி வந்தது. முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றிக் கொப்புளங்கள். கணவர் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்தார். எந்தக் காகிதத்தையும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அப்பேர்ப்பட்டவர் நேராக எஸ்டிடி பூத்துக்குப் போய், கோயமுத்தூரில் இருந்த தன் அம்மாவிடம் பேசிவிட்டு வந்தார்.

"இங்கிலீஷ் மருந்துப் பக்கமே போகக் கூடாதாமா. அக்கி உள்ளுக்கு எறங்கிக்குமாம். காவியில சிங்கம் எழுதோணும்னு அம்மா சொல்லுது."

ஊரில் அது குயவர்கள் செய்கிற வேலை. காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் சிங்கம் எழுதுவார்கள். காவி காயக் காய அக்கியும் காயும் என்று நம்பிக்கை. புனேயில் யார் எழுதுவார்கள்? கசபா பேட்டில் பானை செய்கிறவர்களைத் தேடிப் போய், பாதி இந்தியிலும் பாதி கைஜாடையிலும் கேட்டுப் பார்த்திருக்கிறார். மனைவியின் முதுகில் சிங்கம் எழுதச் சொல்லும் ஆளை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. காவிக்கட்டியை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அவரே எழுதினார்.

"ஆடாம உக்காரு கண்ணு."

"என்னங்க வருது?"

"சிங்கந்தான்."

கண்ணாடியில் திரும்பிப் பார்த்தால் தெருநாய் ஒன்று படுத்திருந்தது. அந்த வலியிலும் சிரித்துவிட்டேன். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போது ஆத்திரம்தான் வருகிறது.

கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. வலி போகவில்லை. ரவிக்கை உரசினால் எரியும். பட்டுப்புடவைகள் பீரோவுக்குள்ளேயே கிடந்தன. கேம்ப் என்கிற கடைவீதிப் பகுதியில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனபோது மாதங்கள் ஓடியிருந்தன. தோல் ஆறிவிட்டது, கிருமி கெடுத்த நரம்பு ஆறவில்லை என்றார். கொப்புளம் வந்த இரண்டு மூன்று நாளுக்குள் வந்திருந்தால் மாத்திரை கொடுத்திருக்கலாம், இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றும் சொன்னார். கணவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் எழுதித் தந்தது படுக்கும்முன் போடுகிற ஒரு சின்ன மாத்திரை. மருந்துக்கடைக்காரர், இது டிப்ரெஷனுக்குக் கொடுப்பதாயிற்றே என்று இந்தியில் சொல்ல, கணவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"உனக்கு மனசுல ஒண்ணும் இல்லியே, அப்புறம் எதுக்கு இது?"

"மனசுலயும் இருக்குதுங்க. முதுகுல ஆரம்பிச்சது அங்கயும் போயிருச்சு."

குறைந்த அளவில் கொடுத்தால் அது நரம்பின் கூச்சலை அடக்கும் என்று மருத்துவரே பிறகு விளக்கினார். தூக்கம் வந்தது. வாய் உலர்ந்தது, காலையில் தலை கல்லாகக் கனத்தது. அடுத்து மிளகாய்க் காரத்திலிருந்து செய்த களிம்பு. ஆறிய தோலின் மேல் அதைத் தடவிவிட்ட கணவர், அதே கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு துள்ளினார். எரியட்டும் என்று நினைத்தேன். முதுகெலும்போரம் போட்ட ஊசி சில வாரங்கள் சுகம் தந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று வந்தது. அதில்தான் தீ கங்காக அடங்கியது. ஆனாலும் விசிறிக் காற்று ஆகவில்லை.

கணவர் ஓய்வு பெற்ற பிறகு அவர் இடுப்பிலும் அதே கொப்புளங்கள் வந்தன. இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே ஆட்டோ பிடித்துக் கேம்ப்புக்குப் போய் மாத்திரை வாங்கிவந்தார்.

"காத்து பட்டாலே குத்துது கண்ணு. இத்தன வருசமா உனக்கு இப்படியா இருந்துச்சு?"

"இதைவிட அதிகமுங்க."

அவர் கண் கலங்கியது. எனக்குப் பாவமாக இருந்தது, இப்போதாவது தெரிந்ததே என்றும் இருந்தது. சில வாரங்களில் சுத்தமாகக் குணமாகிவிட்டார். சந்தோஷப்பட்டேன். வயிறும் எரிந்தது. என் முதுகைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் அவருக்குத்தானே பலித்தது.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம், வெளியே போய்விட்டு வியர்த்து விறுவிறுத்து வந்தவர், ஏதோ நினைவில் ஹால் விசிறியைத் தட்டிவிட்டார். சோபாவில் இருந்த நான் துடித்து எழுந்தேன். அவர் கை சுவிட்சின் மேலேயே நின்றுவிட்டது.

"ஓடட்டுங்க," என்று சொல்லிவிட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்தேன்.

அணைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். அது ஓடிக்கொண்டே இருந்தது.