பளிச்சென்று காட்டிய கம்ப்யூட்டர்

ஒரே படம் இரண்டு திரைகளில் அருகருகே நின்றது. இடது பக்கத் திரையில் நான் கருப்பாக இருந்தேன். வலது பக்கத் திரையில் சிவப்பாக இருந்தேன். இரண்டுக்கும் எதிரில், தோளில் பையோடு, நிஜமான நான் நின்றுகொண்டிருந்தேன். சென்னை ரிச்சி தெருவில் குறுகலான படியேறிப் போகிற ஒரு கம்ப்யூட்டர் கடை அது. அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. பிறகு வலது பக்கத்தைக் காட்டிக் கடைக்காரரிடம் சொன்னார்: "இத்தயே குடுத்துடுபா. எம்மா பளிச்னு கீது பாரு. அது இன்னா, அழுது வடியுது." அழுது வடிந்தது என் முகம். இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

அப்பா ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். நான் பள்ளிக்கூடம் போன நாளில் அது கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போகிற கடை. கம்பெனிகள் வரிசையாக வந்த பிறகு பாஸ்போர்ட் சைஸ் படமே பிழைப்பாகிவிட்டது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் தென் மாவட்டத்துப் பையன்கள் யூனிஃபார்மோடு நேராக எங்கள் கடைக்கு வருவார்கள். காண்ட்ராக்டர் மாறினால் அடையாள அட்டை மாறும். அட்டை மாறினால் புதுப் படம் வேண்டும். காண்ட்ராக்டர்களோ சட்டை மாற்றுவதுபோல் மாறிக்கொண்டிருந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து, சீப்பை வாங்கித் தலையை வாரி, அந்தப் பையன்கள் எல்லோரும் ஒன்றுபோலக் கேட்பார்கள்: "அண்ணே, கொஞ்சம் கலரா பண்ணிக் குடுங்கண்ணே." கேட் வாசலில் செக்யூரிட்டி பார்க்கிற அட்டைக்கு எதற்கய்யா கலர்? நம் ஊரில் வெளுப்புக்கு மட்டும்தான் கலர் என்று பெயர். மற்றவர்கள் எல்லாம் கண்ணாடிக் குடுவைகள் போலிருக்கிறது!

அப்பாவுக்கு அதில் கை தேர்ந்திருந்தது. படத்தைத் திறப்பார், முகத்தை மட்டும் சுற்றி வளைப்பார், வெளிச்சத்தைக் கூட்டுகிற கோட்டைச் சட்டென்று மேலே இழுப்பார். கேட்டவர்களுக்கு மட்டுமல்ல, கேட்காதவர்களுக்கும் செய்வார். செய்து முடித்ததும் அதே படத்தின் மேலேயே சேமித்துவிடுவார். அசல் தனியாக, திருத்தியது தனியாக என்று வைக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. இருந்த கம்ப்யூட்டரில் இடமும் கிடையாது. நான் தாம்பரத்தில் மல்டிமீடியா படித்துவிட்டு வந்து கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து எங்களுக்குள் இதுதான் சண்டை.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியே தீரவேண்டும் என்று சொன்னதும் நான்தான். பழையது கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் எதிர்க்கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். எனக்கு இரண்டே இரண்டு வேண்டியிருந்தன. ஒன்று, உள்ளதை உள்ளபடி காட்டுகிற மானிட்டர். நாங்கள் பார்க்கிற நிறமும் லேபில் அச்சாகி வருகிற நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது, அசல் படங்களை அழிக்காமல் வைத்துக்கொள்ள இன்னொரு ஹார்ட் டிஸ்க். ரயிலில் போகும்போது மூன்று முறை சொன்னேன். "செரி, செரி" என்றார். கடைக்குள் போனதும் அவரும் கடைக்காரரும் பேசிக்கொண்டார்கள். நான் ஏதாவது கேட்டால் கடைக்காரர் பதிலை அப்பாவிடம் சொன்னார். கேட்டது நான், பதில் அவருக்கு. இந்த மரியாதை எந்தக் கடையில் கற்றுத்தருகிறார்களோ தெரியவில்லை.

மானிட்டரைச் சோதித்துப் பார்க்க ஏதாவது படம் இருக்கிறதா என்று கடைக்காரர் கேட்டார். அப்பா சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். அதில் இருந்தது என் படம். ஜாதகத்தோடு சேர்த்து அனுப்புவதற்காக முந்தின வாரம்தான் பச்சைப் பட்டுப்புடவையில் எடுத்திருந்தார். ஊரில் இத்தனை பேர் படம் இருக்க, இதைத்தான் கொண்டுவந்திருக்கிறார். அந்தத் திரைகளில் இடது பக்கம் இருந்ததுதான் நல்லது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடியில் நான் தினமும் பார்க்கிற பெண் அதில் இருந்தாள். வலது பக்கத்தில் இருந்தது நிறத்தைத் தானாகவே தூக்கிக் காட்டுகிற பளபளப்புத் திரை. "அப்பா, லெப்ட்ல கீறதுதான் கரெக்டா காட்டுது" என்றேன். "நீ சும்மா இரு" என்றார். ஹார்ட் டிஸ்க் என்று வாயெடுத்தேன். "பழச வெச்சிகினு இன்னா பண்ணப் போற? மியூசியமா வெக்கப் போற?" என்றார். கடைக்காரர் சிரித்தார். பில் போட்டாகிவிட்டது.

ஆயுத பூஜைக்கு அப்பா புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூமாலை போட்டார். திரையின் நடுவிலேயே ஒரு பொட்டு. அதைத் துடைத்த கறை போகவே இல்லை. அணைத்து வைத்தால் அந்தப் பளபளப்பில் என் முகம்தான் தெரியும், உள்ள நிறத்தில். போட்டுவிட்டால் எல்லோரும் சிவந்துபோவார்கள். ஏற்கெனவே வெளுத்துக் காட்டுகிற திரையின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அப்பா முகத்தோடு முழுப் படத்தையுமே இன்னும் வெளுப்பாக்கினார். எத்தனையோ முறை சொன்னேன். மணப்பெண் ஒருத்தி ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, தன் அரக்குப் புடவை எங்கே என்று கேட்டாள். ஆல்பத்தில் அது தக்காளி நிறத்தில் இருந்தது. முகத்தைப் பற்றி மட்டும் யாரும் வந்து கேட்கவில்லை. அதுதான் அப்பாவுக்கு வெற்றி.

என் படமும் அந்தக் கம்ப்யூட்டரில் ஏறி, வெளுத்து, தண்டலம் பக்கத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. அவர்கள் வந்தார்கள். நான் காபித் தட்டோடு நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போட்டோல பொண்ணு நல்லா கலரா இருந்துச்சே" என்றார். அந்த இடத்தில் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: படத்தை வெளுப்பாக்கியது நான்தான் என்று. சொன்னது என்ன தெரியுமா? "வெயில்ல அலஞ்சி கறுத்துட்டாம்மா, ஊட்லயே இருந்தா செரியாயிடும்." நான் பிறந்ததிலிருந்து வெயிலில் அலைகிறேன் போலிருக்கிறது. அவர்கள் சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய்க் கத்தினேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள், நான் கவலைப்படவில்லை. "என் மூஞ்ச மாத்த நீ யாருப்பா?" என்று கேட்டேன். அப்பா கீபோர்டைத் தள்ளிவைத்தார். பிறகு சொன்னார்: "ஒனக்கு இன்னா தெரியும்? நான் தொழில் கத்துகினப்போ, கல்யாண ஊட்ல மொதலாளி என்னிய லைட்டு புடிக்க உடுவாரு, ஒரு படத்துல நிக்க உடமாட்டாரு. கரி மூட்ட உள்ள பூந்தா படம் கெட்டுடும்பாரு. நீயும் அத்த கேக்கணுமா?"

அதைக் கேட்டு என் மனம் இளகியது என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். இளகவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. அந்த முதலாளியைத் திருப்பி ஒரு கேள்வி கேட்காதவர், அவர் சொன்னதை அப்படியே வாங்கிவைத்திருந்து என் தலையில் இறக்குகிறார். பட்டவருக்குத்தானே தெரிய வேண்டும்? அதற்குப் பிறகு நான் எனக்கென்று படம் எடுத்துக்கொள்ளவே இல்லை. பார்க்க வருகிறவர்கள் நேரில் வந்து பார்க்கட்டும் என்றேன். அப்படி வந்து பார்த்தவர்தான் என் கணவர். படப்பையில் குடியிருந்தோம், நான் கடைக்கு ஷேர் ஆட்டோவில் வந்துபோனேன். அப்பாவும் நானும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்தோம். அந்தச் சண்டை மட்டும் தீராமல் அப்படியே இருந்தது.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் அப்பா நெஞ்சு வலி என்று படுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் படம் எடுத்த மனிதருக்கு மாலை போட ஒரு படம் தேவைப்பட்டது. கம்ப்யூட்டரில் தேடினேன். ஏழெட்டுப் படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் யாரோ ஒரு சிவந்த மனிதர், அப்பாவின் மீசையோடு, அப்பாவின் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு சிரித்தார். தன்னையும் விடவில்லை! ஒன்றுக்கும் அசல் இல்லை. அதன் மேலேயே சேமித்திருந்தார். அவருடைய கல்யாண ஆல்பத்தில் பவுடர் அப்பிய இளவட்டம்தான் இருந்தது. வாக்காளர் அட்டையில் இருந்தது யார் என்று தேர்தல் அதிகாரிக்கே தெரியாது. என் போனில் எடுத்த படங்களைக்கூட ஒருநாள் கேபிள் போட்டு இறக்கி, 'சரி' பண்ணித் திருப்பி ஏற்றிக் கொடுத்திருந்தார். மியூசியமா வெக்கப் போற என்று கேட்டாரே, ஆமாம் அப்பா, ஒரே ஒரு படம் வைத்திருந்தால் போதும் என்று செத்த வீட்டில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் துக்கத்தில் பல் கிட்டிக்கொள்கிறது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

சித்தப்பா அதில் இருப்பதிலேயே வெளுத்த படத்தைத் தேர்ந்தெடுத்து, கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடித்து, கடைக்கு எதிரே மின்கம்பத்தில் கட்டினார். "எங்கண்ணன் இன்னா ராஜா கணக்கா கீறாரு பாரு" என்று அவரே அழுதார்.

காரியம் முடிந்து கடையைத் திறந்த அன்று தூத்துக்குடிப் பக்கத்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர் வந்தார். அடிக்கடி வருகிறவர், காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் அப்பாவிடம்தான் படம் எடுத்துக்கொள்வார். ஸ்டூலில் உட்கார்ந்து சீப்பைக் கேட்டார். பிறகு, "அண்ணாச்சியக் காணலியேக்கா, ஊருக்குப் போயிருக்காவளா?" என்றார்.

"எதிர்ல பேனர் இருக்குதே, பாக்கலியா?"

அவர் திரும்பிக் கதவு வழியாகப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "அது யாரோ கட்சிக்காரவுகன்னுல்லா நெனச்சேன்" என்றார். பிறகு பெயரைப் படித்திருக்க வேண்டும். எழுந்து நின்றுவிட்டார். சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

அவர் போன பிறகு பேனரில் இருந்த அப்பாவின் படத்தைத் திறந்தேன். அப்பா மேலே இழுத்த கோட்டைக் கீழே இழுத்தேன். எவ்வளவு இழுப்பது? அவருடைய நிறம் எனக்குத் தெரியும், ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. மனதுக்குள் இருக்கிற நிறத்துக்கு அளவு ஏது? அப்போதுதான் மேஜைமேல் கிடந்த என் கையைப் பார்த்தேன். பிறந்த வீட்டில் அத்தைகள் எல்லோரும் என்னைத் தூக்கிவைத்துக்கொண்டு உச்சுக்கொட்டிய வாக்கியம் ஒன்று உண்டு: "அப்பன் கலர் அப்படியே வந்துடுச்சே." கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டி, இரண்டும் ஒன்றாகும்வரை கோட்டை இறக்கினேன். லேபுக்கு அனுப்பி அச்சுப் போட்டேன். வந்த படத்தில் கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. திரை எல்லாவற்றையும் வெளுப்பாகக் காட்டியதால் நான் அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறேன். அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுவும் அவரு இல்லடி" என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போனேன். அதே படி, அதே கடை, கொஞ்சம் நரைத்த அதே கடைக்காரர். துணைக்கு யாரும் வராததால் இந்த முறை பதிலை என்னிடமே சொல்ல வேண்டியிருந்தது. முதலில் இரண்டு ஹார்ட் டிஸ்க் எடுத்து வைக்கச் சொன்னேன். பிறகு இரண்டு மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லி, பென் டிரைவிலிருந்து அப்பாவின் படத்தைத் திறந்தேன். சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு என் முன்கையை முதலில் வலது பக்கத் திரைக்கு அருகில் நீட்டினேன். பிறகு இடது பக்கத்துக்கு. என் கை எந்தத் திரையில் என் கையாகத் தெரியும் என்று பார்க்க, கொண்டுபோயிருந்த கேமராவைக் கடை மேஜையிலேயே வைத்து அதையும் ஒரு படம் எடுத்துப் போட்டேன். இடது பக்கம் சரியாக இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து கோட்டை மெதுவாக இறக்கினேன். சிவந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக விலகினார். ஓர் இடத்தில் கை நின்றது.

லைட்டு பிடித்த அந்தக் கரி மூட்டை என்னைப் பார்த்துச் சிரித்தது. எவ்வளவு அழகான மனிதரய்யா நீர். இதை ஒளிக்கவா இத்தனை மின்சாரம் செலவழித்தீர்?

கடைக்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "மேடம், அந்த ரைட் சைடு மானிட்டர் பாருங்க, செம பிரைட்டு. இதுல சார் டல்லா தெரியறாரே" என்றார்.

"அவரு இப்பிடித்தான் இருந்தாரு. இத்தயே குடுத்துடுங்க" என்றேன்.