சொல்லிக்கொண்டு போன மாமா

நான் ஏற்காட்டில் போர்டிங்கில் தங்கி எட்டாவது படிக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ-இந்தியர்; எஸ்டேட்டில் என்ஜின் மெக்கானிக். அம்மா அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவள். போர்டிங்கில் நான் ‘கூலிக்காரி மகள்’. அம்மாவின் சொந்தத்தில் ‘சட்டைக்காரன் மவ’. இரண்டு பக்கமும் வேலி. திறந்து மூடும் படலாக நடுவே இருந்தவள் அம்மா ஒருத்திதான்.

அடக்கம் முடிந்து அம்மாவின் ஆட்கள் கிளம்பினார்கள். கல்யாணமோ சாவோ, அப்பாவுக்குத் தெரிந்த மரியாதை ஒன்றுதான். கறுப்புக் கோட்டோடு வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் குலுக்கி, “வந்ததுக்கு தேங்க்ஸ். மறுபடி கட்டாயம் வாங்க” என்றார். நெருப்பைத் தொட்டவர்கள்போல எல்லோரும் கையை உருவிக்கொண்டு இறங்கினார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. சித்திகூட என் முகத்தைப் பார்க்காமல் மழையில் நடந்தாள்.

எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அம்மா போனதும் இவர்களுக்கு நாங்கள் யாரோ. இனி ஞாயிற்றுக்கிழமை போர்டிங் கேட்டில் எனக்கென்று ஒருவரும் வந்து நிற்கப் போவதில்லை.

கடைசியாக இறங்கியவர் மாமா, அம்மாவின் அண்ணன். ஓடிப்போய் அவர் துண்டைப் பிடித்துக்கொண்டேன்.

“நீங்களும் சொல்லாமத்தான் போவீங்களா மாமா?”

அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கீழேயிருந்து அத்தை கூப்பிட்டாள். “ஏனுங்க, பேசாம வாங்க!”

மாமா குனிந்து என் தலையில் கை வைத்தார். “போயிட்டு வாரேன் சாமி. ஞாயித்துக்கெழம வாரேன்.”

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். “எழவு ஊட்டுல பேசற பேச்சா இது? நாக்குல சனி!”

அத்தைக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்று அதையும் மனதில் முடிந்துவைத்தேன்.

மாமா சொன்னபடி வந்தார். மழையென்றால் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வருவார். கடலைப் பொட்டலம் மடியில் இருக்கும். உடனே எடுக்க மாட்டார். முதலில் என் நெற்றியைத் தொடுவார், இமையை இழுத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார்.

“காச்ச கீச்ச இல்லியே கண்ணு? உங்கப்பா நல்லாருக்காரா? நொம்ப நல்லாருக்காரா?”

நான் தலையாட்டிய பிறகுதான் மூச்சுவிடுவார். பொட்டலம் வெளியே வரும். “உன் டாக்டர் வந்தாச்சு” என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்வார்கள்.

அம்மாவின் ஆட்களிடம் ஒரு பேச்சு உண்டு: எழவு ஊட்டுக்குக் கூப்பிடாமப் போவணும், சொல்லாமத் திரும்பணும். ‘வாங்க’ என்றாலும் ‘வாரேன்’ என்றாலும் அதே வீட்டின் அடுத்த சாவுக்குத்தான் வரவேண்டியிருக்குமாம். இது என் காதில் விழுந்தபோது மாமாவும் போய்ச் சேர்ந்திருந்தார்.

அத்தனை ஞாயிறும், தன் ஒரு சொல் எங்களை என்ன செய்ததோ என்று பயந்துகொண்டேதான் அவர் மேடேறி வந்திருக்கிறார். நானோ, கேட்டில் நின்றபடி, நாக்கை முடிந்தமட்டும் நீட்டிக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.