ஜப்பான் ஏரிக்கரையில் நான் ஒப்புக்கொண்டது

இதை எழுத வேண்டும் என்று நான்கு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நோட்டை எடுப்பேன், சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைப்பேன், இரண்டு வரி எழுதுவேன், கிழித்துவிடுவேன். நான் படித்தது எட்டாவது வரைக்கும்தான். ஆனால் எழுத வராதது காரணம் இல்லை. எழுதினால் நான் எப்படிப்பட்டவன் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதுவும் என் மனைவி எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது அவளைப் பற்றி எழுதுவது திருட்டு மாதிரி இருந்தது. போன வாரம் அவளிடமே கேட்டுவிட்டேன். "உன் இஷ்டம்" என்றாள். 

ஆம்பூர் பக்கத்தில் ஒரு டேனரியில், தோல் பதனிடுகிற கம்பெனியில், முப்பது வருஷம் வேலை பார்த்தேன். முதலில் சுண்ணாம்புத் தொட்டியில். பச்சைத் தோலிலிருந்து மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்பிலும் மருந்திலும் ஊற வைக்கிற இடம் அது. அழுகின முட்டை மாதிரி ஒரு வாசனை வரும். குளித்தாலும் நகக்கண்ணிலிருந்து போகாது. எங்களுக்குக் குலதெய்வம் சோளிங்கர் நரசிம்மர். எவ்வளவு வேலை இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தரம் படியேறிவிடுவோம்.

எங்களுக்கு முதலில் பிறந்தது பெண் குழந்தை. மூன்றாம் நாள் போய்விட்டது.

பச்சைக் குழந்தை போனால் எங்கள் பக்கம் எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். மேளம் கிடையாது, காரியம் கிடையாது. பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். பெற்றவளுக்கு இடத்தைக் காட்டக் கூடாது என்பார்கள். காட்டினால் அவள் மனசு அங்கேயே போய் நிற்குமாம், அடுத்த பிள்ளை தங்காதாம். தகப்பன்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும், திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். சாயங்காலம் நானும் என் அண்ணனும் போனோம். அண்ணன் இப்போது இல்லை.

ஊர்ச் சுடுகாட்டுக்கே போயிருக்கலாம். நான்தான் பாலாற்றுக்குப் போகலாம் என்றேன். அப்போது ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் மணல் இருந்தது. நல்ல வெள்ளை மணல். நாள் பூராவும் தொட்டிச் சேற்றில் நிற்கிறவனுக்கு அதைவிடச் சுத்தமான இடம் பூமியில் இல்லை என்று தோன்றியது. அதில் படுக்க வைத்தால் பிள்ளைக்குக் குளுமையாக இருக்கும் என்று நினைத்தேன். மணல் அங்கேயே இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவள் எழுந்து நடமாட ஆரம்பித்ததிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். "எங்க வெச்சீங்க, தூர நின்னு பாத்துட்டு வந்துர்றேன்." சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது கேட்பாள், துணி காயப்போடும்போது கேட்பாள். பல மாதம் தட்டிக் கழித்தேன். கடைசியில் மனசு கேட்காமல், முதலில் நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போனேன்.

அங்கே மணல் இல்லை. லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தன. ஒரு வீடு கொள்ளும் அளவுக்குப் பள்ளம். அடியில் களிமண் தெரிந்தது. நான் அடையாளத்துக்கு வைத்திருந்த நாணல் புதரும் இல்லை. பள்ளத்துக்குள் இறங்கி நான்கு பக்கமும் நடந்தேன். எதைத் தேடினேன் என்று எழுத வரவில்லை. எந்த ஊரில் எந்த வீட்டுச் சுவரில் அந்த மணல் பூச்சாகப் போயிருக்குமோ என்கிற நினைப்பு அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. புது வீடு கட்டுகிற இடத்தைத் தாண்டிப் போகும்போது மணல் குவியலைப் பார்க்க மாட்டேன்.

அடுத்த வாரம் அவளை அழைத்துப் போனேன். பள்ளத்தின் பக்கம் போகவில்லை. அரை மைல் தள்ளி, கரையில் ஒரு வேப்பமரம் இருந்தது. "இங்கதான்" என்றேன்.

அவள் அந்த இடத்தில் உட்கார்ந்து மண்ணைக் கையால் தடவிக் கொடுத்தாள். குழந்தையின் முதுகைத் தடவுகிற மாதிரி. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கப்புறம் வருஷா வருஷம் பிள்ளை போன மாசி மாதத்தில் அங்கே போய்ப் பால் ஊற்றி, கற்பூரம் ஏற்றிவிட்டு வருவாள். ஒரு கை அகலக் கல்லை வைத்து, அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தாள். நானும் கூடப் போய்க் கைகூப்பி நிற்பேன். பொய்யான இடத்தில் கைகூப்பி நின்ற வருஷங்கள் இருபத்தைந்துக்கு மேல்.

நடுவில் மகன் பிறந்தான், படித்தான், இன்ஜினியராகி ஜப்பானுக்குப் போனான். எங்களை அங்கே அழைத்தபோது எனக்குப் போக விருப்பமில்லை. அவளுக்குத்தான். காரணம், அவன் போனில் ஒரு ஏரியைப் பற்றிச் சொல்லியிருந்தான். அந்த நாட்டின் வடக்குப் பக்கம் ஒரு மலை, எரிமலை வெடித்த குழியில் ஒரு ஏரி. செத்தவர்களின் ஆத்மா அந்தக் கரைக்கு வரும் என்று அவர்கள் நம்புகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அங்கே போய் மனசைக் கழுவிக்கொண்டு புது ஆளாகத் திரும்புவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து அவள் ஒரே பிடியாக இருந்தாள். "அங்க போயி அவள அனுப்பி வெச்சுட்டு வந்துர்றேன். அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்" என்றாள்.

ரயில், அப்புறம் பஸ். பஸ் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறியது. ஒரு சிவப்புப் பாலம் தெரிந்தபோது கதவைத் திறந்தார்கள், வாசனை உள்ளே வந்தது.

மகன் சங்கடப்பட்டான். "கந்தக வாசனை நைனா. கஷ்டமா இருந்தா மாஸ்க் போட்டுக்கோ."

"மாஸ்க்கா" என்றாள் அவன் அம்மா. "உங்க நைனா முப்பது வருஷம் இந்த வாசனையோடதான்டா சோத்துல கை வெச்சாரு." என் பக்கம் திரும்பி, "இம்மாந்தூரம் வந்தும் உங்க கம்பெனி நம்மள விடல பாருங்க" என்றாள். நானும் சிரித்தேன். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

ஏரிக்கு முன்னால் ஒரு கோயில், எளிமையாக இருந்தது. அதைத் தாண்டினால் வெறும் பாறை, சாம்பல் நிறத்தில். ஓட்டைகளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அங்கங்கே சின்னச் சின்னக் கல் சாமிகள், கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள், குழந்தைக்கு எச்சில் வழியாமல் கட்டுகிற மாதிரி. காகிதக் காற்றாடிகள் நட்டு வைத்திருந்தார்கள். காற்றடித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் சுற்றும். அதற்கப்பால் வெள்ளை மணல். அதற்கப்பால் ஏரி. அவ்வளவு தெளிந்த தண்ணீரை நான் பார்த்ததில்லை. எங்கள் தீர்த்தங்களில் இருக்கிற மாதிரி ஒரு கூச்சல், ஒரு தேங்காய்க் கடை கிடையாது. காக்கை மட்டும் கத்தியது.

"ஒரு முழுக்கு போட்டுறட்டா" என்று அவள் கேட்டாள்.

"இது ஆசிட் தண்ணிம்மா. ஒரே ஒரு ஜாதி மீன்தான் இதுல உசுரோட இருக்கும்" என்றான் மகன். கோயிலுக்குள் மரக்கொட்டகையில் வெந்நீர் ஊற்றுக் குளியல் இருக்கிறது, அதில் குளிக்கலாம் என்றான். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. குளித்தோம். தொட்டித் தண்ணீர் பால் நிறத்தில் இருந்தது. நரசிம்மா, என்னைக் கழுவு என்று சொல்லித்தான் கண்ணை மூடி உட்கார்ந்தேன். உடம்புச் சூடுதான் ஏறியது. மனசில் இருந்தது அப்படியே இருந்தது.

வெள்ளை மணலுக்கு வந்தபோது வழியெல்லாம் சின்னக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். இது எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சின்னதிலயே செத்துப்போன கொழந்தைங்க ஒரு ஆத்தங்கரையில இருக்குமாம் நைனா" என்றான் மகன். "அக்கரைக்குப் போக முடியாதாம். அம்மா அப்பாவுக்காக அங்க கல்லு அடுக்கிக்கினே இருக்குமாம். பேய் வந்து கலைச்சுட்டுப் போயிடுமாம், மறுபடி அடுக்குமாம். அதான் பெத்தவங்க இங்க வந்து அதுங்க சார்புல அடுக்குறாங்க."

ஆற்றங்கரை என்று அவன் சொன்னதும் நான் அங்கேயே நின்றுவிட்டேன். கலைத்துவிட்டுப் போகிற பேய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பத்து சக்கரம் இருக்கும்.

என் மனைவி கைப்பையைத் திறந்தாள். புது மஞ்சள் துணியில் சுற்றியிருந்ததை எடுத்துப் பிரித்தாள். வேப்பமரத்தடிக் கல். ஊரிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. கழுவித் துடைத்துப் புதிதாகக் குங்குமம் வைத்திருந்தாள்.

"வாங்க. ரெண்டு பேரும் சேந்து வெக்கணும். ஒரு பக்கம் புடிங்க."

நான் கையை நீட்டவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள். அந்தக் கல்லை அந்த அடுக்கின்மேல் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், அவள் நிம்மதியாகிவிடுவாள், நானும் தப்பித்துவிடுவேன். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கை வரவில்லை.

"இத நான் புடிக்க மாட்டேன்" என்றேன்.

"ஏன், இன்னா ஆச்சு?"

"அது வேப்பமரத்தாண்ட எடுத்த கல்லு."

"ஆமா. அங்க எடுக்காம வேற எங்க எடுப்பாங்க."

"கொழந்த அங்க இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். ஆற்று மணல், லாரி, பள்ளம், அடுத்த வாரம் நான் காட்டிய மரம். நின்றபடியே சொன்னேன். மகன், "நைனா, இன்னா சொல்ற நீ" என்று பக்கத்தில் வந்தான். அவள் அவனைப் பார்க்காமலே, "நீ போயி டீ வாங்கிட்டு வா. இது எனக்கும் உங்க நைனாவுக்கும்" என்றாள். அவன் கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டான்.

அவள் அழவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எந்தப் பக்கம் தல வெச்ச?"

கல்யாணமாகி அன்றுதான் முதல் தடவை என்னை ஒருமையில் கேட்டாள்.

"தெக்கால."

"இன்னாத்துல சுத்தி?"

"உன் பச்ச நூல் சேலை. பாதி கிழிச்சு."

"அத எலி கடிச்சுட்டுதுன்னு சொன்ன."

"ஆமா."

"உப்பு போட்டியா?"

"போட்டேன்."

"எந்த உப்பு?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று தெரிந்தது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க டேனரியில் மூட்டை மூட்டையாக உப்பு போடுவோம். அப்போது எங்கள் வீட்டு மூலையிலும் ஒரு மூட்டை கிடந்தது. குழிக்குள் நான் அதையா போட்டேன் என்று அவள் கேட்கிறாள்.

"சோத்து உப்பு. பாய் கடையில புதுசா வாங்குனது. நரசிம்மர் மேல சத்தியமா."

"சத்தியத்த நீயே வெச்சுக்கோ" என்றாள். அடுத்து, "எவ்ளோ ஆழம்?" என்றாள்.

"இடுப்பளவு. மணலு சரிஞ்சுக்கினே இருந்துச்சு. அதான் அதுக்கு மேல..."

அவள் கல்லை என் கையில் வைத்தாள். "இது நீ குடுத்தது. நீயே எடுத்துக்கினு போ." பிறகு மகனைக் கூப்பிட்டு, "தெக்கு எதுடா" என்று கேட்டாள். அவன் போனைப் பார்த்துக் கையைக் காட்டினான். அவள் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அந்த மணலைத் தோண்ட ஆரம்பித்தாள். முட்டியில் வலி உள்ளவள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கையை வைத்தேன்.

"நீ ஒரு தரம் தோண்டிட்ட. போதும்" என்றாள்.

முழங்கை அளவு போனதும் தண்ணீர் ஊறியது. அவள் நிறுத்தினாள். கல் சுற்றி வந்த மஞ்சள் துணியை நீளவாக்கில் மடித்து, ஒரு முனையைத் தெற்குப் பக்கம் திருப்பி, உள்ளே வைத்தாள். மடித்த துணியின்மேல் ஒரு நிமிஷம் கையை வைத்திருந்தாள். பிறகு மூடினாள். தட்டிச் சமன் செய்தாள். மேலே ஒன்றும் அடுக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் காற்றாடி நட்டுக்கொண்டிருந்த ஒரு ஜப்பான்காரம்மா வேலையை நிறுத்திவிட்டு, இவள் எழுந்திருக்கும் வரைக்கும் தலையைக் குனிந்தபடியே நின்றார்.

பஸ்ஸில் அவள் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின் சீட்டில். கல் என் சட்டைப் பையில் கனத்தது.

ஊர் திரும்பிய பிறகு அவள் வேப்பமரத்தடிக்குப் போவதில்லை. மாசி வந்தால் வீட்டிலேயே தெற்குப் பக்கம் ஒரு விளக்கு வைக்கிறாள். எனக்குச் சோறு போடுகிறாள், பிரஷர் மாத்திரை எடுத்து வைக்கிறாள், சோளிங்கருக்கும் கூட வருகிறாள். ஒரு குறையும் இல்லை. "வாங்க", "போங்க" மட்டும் திரும்ப வரவில்லை. நான்கு வருஷமாக எதிர்பார்க்கிறேன்.

எங்கள் தெருவில் சனிக்கிழமை பஜனைக்கு வருகிறவர்களுக்கு மகன் மூலமாக விஷயம் அரைகுறையாகத் தெரிந்துவிட்டது. அவர்கள் வேறு மாதிரி சொல்லிக்கொள்கிறார்கள். அந்த ஏரியில் குளித்தோமாம், நான் காலில் விழுந்தேனாம், அவள் அழுது என்னை மன்னித்தாளாம், இரண்டு பேருக்கும் மனசு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொடுத்து வெச்சவன்யா நீ" என்றார். மறுத்துச் சொல்ல வாய் வராமல் வந்துவிட்டேன். அதை அப்படியே விட்டால் என் இரண்டாவது பொய் ஆகிவிடும் என்றுதான் இதை எழுதினேன்.

பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எந்தத் தெருவிலும் ஒன்று இருக்கும். அங்கே இடத்தைச் சொல்லாமல் வைத்திருக்கிற ஒரு தகப்பனும் இருப்பான். அவன் கையில் இது கிடைக்கட்டும். கொண்டுபோய்க் கொடுங்கள், படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டுங்கள். ஆனால் இருக்கிறபடியே கொடுங்கள். நான் பொய் சொன்னதைக் குறைக்க வேண்டாம். அவள் மன்னித்தாள் என்று சேர்க்க வேண்டாம். அது அவள் வாயால் வர வேண்டியது. இதை எழுதி முடிக்கிற இன்று வரைக்கும் அவள் சொல்லவில்லை.