தால்சா சிந்தாத வண்டி

கதீஜா அக்காவின் இடக்கை தால்சா பானையின் மூடிமேல் இருக்கிறது. வலக்கை மட்டும் ஸ்டீயரிங்கைத் திருப்ப, பதினாறு வயதுப் பிக்கப் ஃபேரர் பார்க் வளைவில் மெல்ல ஊர்கிறது. பின்னால் மூன்று தேக்சா நிறையப் பிரியாணி. முன்சீட்டில் அதற்கு ஊற்றிக்கொள்ளும் பருப்புக் குழம்பான தால்சா. பானைக்கு சீட் பெல்ட்டும் போட்டாயிற்று, இருந்தாலும் கையை எடுக்க மாட்டார். "பெல்ட்டுக்கு என்னா தெரியும், தால்சா தளும்புறது?" என்பார்.

ஈசூனில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் எனக்கு ஒரு மாடி கீழே குடியிருக்கிறார். கல்யாணம், பேர்சூட்டு என்று சின்ன விருந்துகளுக்குச் சமைத்து, தானே ஓட்டிக்கொண்டு போய் இறக்குவதுதான் பிழைப்பு. இத்தனை வருடத்தில் ஒரு சொட்டு சிந்தியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கியர் மாற்றினால் பானையிலிருந்து கையை எடுக்க வேண்டுமே என்று நாலாவது கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து விருந்து வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்தால், தனக்கு வணக்கம் சொல்வதாக எடுத்துக்கொண்டு தலையசைப்பார்.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவர் இங்கே இருக்கமாட்டார். கண் எங்கோ போய்விடும்.

"தம்பி, ஒரு நாளைக்கு இது மூச்சு வாங்காம ஒரு மலை ஏறணும்லா."

"சிங்கப்பூர்ல எந்த மலைக்கா?"

"ஏறும்போது தெரியும்."

மலை கிடக்கட்டும், இந்த வருடம் வண்டி கரும்புகை கக்க ஆரம்பித்தது. வாகனச் சோதனையில் ஒருமுறை தோற்றுவிட்டது. மறுபடி தோற்றால் சாலை வரி கட்ட முடியாது, வண்டி பழைய இரும்புக்குத்தான் போகும். வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் சிஓஇ உரிமம் இன்று விற்கிற விலையில் புது வண்டி வாங்க அக்கா ஊருக்கே பிரியாணி போட்டாலும் கட்டாது. வண்டி போனால் சமையலும் போச்சு.

மெக்கானிக் ரகுபதி எஞ்சினைத் திறந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அக்கா, உள்ள தார் ரோடே போட்டு வச்சிருக்கீங்க. டீசல் வண்டிய இப்படித் தாலாட்டிக்கிட்டே ஓட்டுனா கரி எப்படி வெளிய போகும்? மிதிச்சு ஓட்டணும்க்கா."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "பத்திரமா ஓட்டுனது தப்பா தம்பி?" என்று என்னைக் கேட்டார்.  

புது எஞ்சினுக்குக் கையில் வசதியில்லை. இருப்பதையே தேற்றுவது என்று முடிவாயிற்று, ஒரு விருந்துக்கு ஒரு பாகம். பொங்கோல் கல்யாணக் காசில் டீசல் தூவும் புது முனைகள் வந்தன. ஃபேரர் பார்க் பேர்சூட்டில், உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய, எஞ்சினுக்குக் காற்று ஊதும் நல்ல டர்போ ஒன்று. ரகுபதி இரண்டு நாள் உட்கார்ந்து கரியைச் சுரண்டினார். தினமும் காலையில் அக்கா பானட்டில் காதை வைத்துக் கேட்பார். "பொங்கோல் நல்லாத் தூவுது. ஃபேரர் பார்க் நல்லா ஊதுது" என்று எனக்கு அறிக்கை வரும்.

சோதனை நாள். எஞ்சின் நன்றாகச் சூடேற வேண்டும், மூன்றாவது கியரில் அரைமணி நேரம் மிதித்து ஓட்டிவிட்டு நேராக உள்ளே போங்கள் என்பது ரகுபதியின் கட்டளை. தால்சாவின் இடத்தில் நான் உட்கார்ந்தேன். சிலேத்தார் விரைவுச்சாலையில் மழை விட்டு, மரங்களுக்கிடையே வெள்ளையாகப் புகைபோல் ஏதோ மிதந்துகொண்டிருந்தது. சிமெண்ட் லாரிகூட எங்களைத் தாண்டிப் போனது.

"மிதிங்கக்கா."

"மிதிக்கிறேன்லா."

மிதிக்கவில்லை. கால் வரவில்லை. அவருடைய இடக்கை என் மார்பைத் தாங்கிப் பிடித்திருந்தது.

"பானை இல்லக்கா. நான்தான் இருக்கேன். சிந்த மாட்டேன்."

சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே கால் இறங்கியது. எஞ்சின் ஒரு கணம் திகைத்து, பிறகு நான் கேட்டேயிராத குரலில் பாடியது. இருபுறமும் பச்சை சரிந்து பின்னால் போக, சமமான சாலை மேலே மேலே ஏறுவதாகத்தான் எனக்கும் இருந்தது. "தம்பி, மலை" என்றார் மெதுவாக. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் கறுப்பே இல்லை, ஈரச் சாலை மட்டும் இருந்தது.

சோதனை நிலையத்தில் அதிகாரி ஏறி உட்கார்ந்து பெடலைத் தரைவரை மிதித்தார். மூன்று முறை. அக்கா வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு உறுமலுக்கும் அவருடைய இடக்கை தானாக எழுந்து காற்றில் எதையோ தாங்கியது. பிறகு ஒரு தாள் வந்தது. தேறிவிட்டது. அதை அவர் இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்தார்.

வெளியே முதல் சந்திப்பை நெருங்கும்போதே விளக்கு பச்சையானது. அவருடைய இடக்கை வழக்கம்போல் என் பக்கம் கிளம்பியது. பாதியில் நின்றது. கியரை ஒன்று குறைத்துவிட்டு, ஸ்டீயரிங்கில் வலக்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.