கோட்டின் மேல் எண்ணெய்

குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி கையில் பட்டது. வலி இல்லை. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. முந்தானையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன். உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே யாரிடமாவது காட்டுங்கள். வெட்கம் அப்புறம் பட்டுக்கொள்ளலாம்.

அது எலுமிச்சங்காய் அளவு ஆன பிறகுதான் என் மகள் மேரி கண்டுபிடித்தாள். பயாப்ஸி (சதையில் துளி எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்து புற்றுநோய் என்றார்கள். கட்டியை எடுத்தார்கள். அடுத்து ரேடியேஷன் (கட்டி இருந்த இடத்தில் கதிர் பாய்ச்சும் வைத்தியம்) என்றார்கள். எங்கள் ஊர் முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு பஸ் பிடித்துப் போனேன்.

முதலில் மார்பில் மையால் கோடு போடுவார்கள். கதிர் அந்தக் கோட்டுக்குள்தான் விழ வேண்டும். கோடு போட்டவர்கள் ஆண் பிள்ளைகள். கட்டிய புருஷனுக்கே விளக்கு வெளிச்சத்தில் காட்டாத உடம்பு இது. கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எண்ணெய், சோப்பு எதுவும் படக்கூடாது ஆயா. கோடு அழிஞ்சா மறுபடியும் மொதல்ல இருந்து போடணும்" என்றார் டாக்டரம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிரேஸ் அம்மா வந்துவிட்டார். எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர். கூட நாலு பெண்கள், கையில் ஜெப எண்ணெய் சீசா.

"நெத்தியில வெச்சா பத்தாதுக்கா. வியாதி எங்க இருக்குதோ அங்க வெக்கணும்" என்றார்.

"டாக்டரு வேணாம்னாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கிரேஸ் அம்மா கதவைச் சாத்தி, என் ஜாக்கெட்டைத் தளர்த்தி, உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்தார். ஸ்தோத்திரம் சொன்னார்கள். காபி குடித்துவிட்டுப் போனார்கள். கோடு பாதிக்குமேல் ஜாக்கெட்டில் இருந்தது.

மறுநாள் மறுபடியும் கோடு போட, ஆஸ்பத்திரியில் அதே சில்லிட்ட மேசையில், மேலே துணியில்லாமல், கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கிடந்தேன். அன்றைக்கு ஜெபம் வரவில்லை. "உமக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்று ஆண்டவரைத்தான் கேட்டேன்.

அடுத்த ஞாயிறும் அதே சீசாவோடு வந்தார்கள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"எண்ணெய் வேணாம். இங்கயே நின்னு ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

"எண்ணெய் வேணாம்னா விசுவாசம் இல்லன்னு அர்த்தம்கா" என்றார் கிரேஸ் அம்மா. "அதான் வியாதி ஒட்டிக்கினு இருக்குது. இன்னா பாவத்த மறைச்சி வெச்சிக்கினு இருக்கிறியோ."

மேரி உள்ளேயிருந்து கத்தினாள். "ஆன்ட்டி, கண்ணாடிய கழட்டி வெச்சிட்டு, கண்ணுல இந்த எண்ணெய விட்டுக்கினு பைபிள் படிங்களேன் பாக்கலாம்!"

என் வாயும் திறந்துவிட்டது.

"சிலுவையில தொங்கினவரையும் கீழ நின்னவங்க இப்டித்தான் பேசினாங்க. இறங்கி வா பாக்கலாம்னாங்க. நீ எந்தப் பக்கம் நிக்கிறன்னு பாத்துக்கோ."

கதவைச் சாத்தினேன். அதன் பிறகு எங்கள் தெருவில் ஒருத்திகூட வந்து என்னை எட்டிப் பார்க்கவில்லை. சபையில் நான் உட்கார்ந்தால் பக்கத்துப் பாய் காலியாகவே இருக்கிறது. நான் போவதை நிறுத்தவில்லை. ஆண்டவர் கிரேஸ் அம்மா வீட்டுச் சொத்தில்லை.

தோல் கறுத்தது, உரிந்தது, சேலை பட்டால் எரிந்தது. பொறுமையாகத் தாங்கினேன் என்று சொல்ல மாட்டேன். திட்டிக்கொண்டேதான் தாங்கினேன். பஸ்ஸிலும், மேசையிலும், திட்டுவதற்கும் ஆண்டவர் ஒருவர்தான் கூட இருந்தார். உங்களிடமும் யாராவது விசுவாசத்தை அளக்க வந்தால், வாசலிலேயே நிறுத்துங்கள்.

வைத்தியம் முடிந்துவிட்டது. முன்பெல்லாம் அடுத்த கிறிஸ்துமஸ் தானாக வரும் என்று இருந்தேன். இப்போது ஒரு செக்கப்பிலிருந்து அடுத்த செக்கப் வரைக்கும்தான் நாள் தருகிறார்கள். அதை வாங்கிக்கொண்டு வருகிறேன்.

மைக்கோடு எப்போதோ மறைந்துபோனது. டாக்டரம்மாவும் இனி எண்ணெய் தேய்க்கலாம் என்றுவிட்டார். ஆனால் சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது என் கை தோளில் இறங்கி, அந்த இடத்துக்கு வந்ததும் நிற்கிறது. பிறகு சுற்றிக்கொண்டு போகிறது.