மூக்கு லாரிக்குப் புது எஞ்சின்

காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லின் பின்புறம், கொட்டாங்குச்சிக் குவியலுக்குப் பக்கத்தில் அந்த மூக்கு லாரி நின்றது. நீண்ட பானெட், உருண்ட மட்கார்டு, நடுவில் இரண்டாகப் பிரித்த முன்கண்ணாடி. எண்ணெய் வாங்கப் போன நான் லாரியை விலைபேசி முடித்துவிட்டு வந்தேன்.

"ஏம்புள்ள, அதத் தள்ளி நகத்தவே நாலு பேரு வேணும். அதுல நூல் ஏத்தப் போறியா?" என்றார் கணவர்.

திருப்பூரில் எங்களுடையது சின்ன நிட்டிங் யூனிட். நூல் மூட்டை வரும். துணி ரோல் ரோலாகச் சாயப்பட்டறைக்குப் போகும். டிரைவர் கிடைக்காத ஒரு சீசனில் நானே லாரி லைசென்ஸ் எடுத்திருந்தேன்.

"ஏத்துவேனுங்க. எஞ்சின மட்டும் மாத்தோணும்," என்றேன்.

பல்லடம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கவிழ்ந்து பாடி நொறுங்கிய ஒரு புது லாரியின் எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாவற்றையும் அவர்தான் பிடித்துக் கொடுத்தார். ஆர்டிஓ அலுவலக அனுமதி கைக்கு வந்த அன்றே பழைய எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கிவிட்டோம். யூனிட்டில் ஷிப்ட் ஓடும்போதே நான் பட்டறைக்கு ஓடிவிடுவேன்.

புது எஞ்சின் நீளத்தில் குறைவு, உயரத்தில் அதிகம். இறக்கி வைத்தால் பானெட் மூடவில்லை. நாலு விரல் உயரத்துக்கு இடித்தது.

"பானெட்டுல ஒரு ஓட்டையப் போட்டுருவமாக்கா?" என்றார் மெக்கானிக்.

"அந்த மூக்குக்காகத்தானுங்கண்ணா வண்டியே வாங்குனேன். அதுல கை வெக்காதீங்க."

அவர் சிரித்துக்கொண்டே எஞ்சின் உட்காரும் தாங்கிகளை வெட்டி, தாழ்த்தி, மறுபடி வெல்டிங் செய்தார். அடுத்த தடவை பானெட் 'டப்' என்று மூடியபோது நான் கைதட்டியேவிட்டேன்.

மீட்டர்களில் அடுத்த சிக்கல். பழைய டேஷ்போர்டு ஓட்டைகளில் புது மீட்டர் எதுவும் பொருந்தவில்லை. அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறைக்கு மீட்டர்களையே எடுத்துப் போனேன். "குண்டா செய்யறதுக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்ட பட்டறைக்காரர், விஷயம் தெரிந்ததும் உற்சாகமாகிவிட்டார். வட்ட வட்டமாக வெட்டி, மெருகு போட்ட பித்தளைத் தகடு ஒன்றைக் கையில் கொடுத்தார். ஆயில் பிரஷர், வெப்பம், வேகம், டீசல் எல்லாம் அதில் கச்சிதமாக உட்கார்ந்தன.

ஸ்டார்ட் செய்யும் நாளில் கணவரும் வந்தார். சாவியைத் திருப்பினேன். மீட்டர்கள் பளிச்சென்று எரிந்தன. முட்கள் ஒருமுறை முழுதாக ஏறி இறங்கின. எஞ்சினிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. மெக்கானிக் பேட்டரி, ஃபியூஸ், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் பார்த்தார். எதிலும் குறையில்லை. அவர் முகம் வாடிப்போனது.

எனக்கு எங்கள் நிட்டிங் மெஷின் ஞாபகம் வந்தது. அதன் கதவு கொஞ்சம் திறந்திருந்தாலும் மெஷின் ஓடாது. கதவில் ஒரு சென்சார் இருக்கிறது.

"ஏனுங்கண்ணா, இதுலயும் அப்படி ஏதாச்சும் மூடாம இருக்குமுங்களா?"

மெக்கானிக் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கிளட்ச் பெடல்! அதுல ஒரு சுவிட்ச் உண்டுக்கா. மிதிச்சாத்தான் ஸ்டார்ட் ஆவும். நம்ம பழைய பெடல்ல அது ஏது?"

கவிழ்ந்த வண்டியின் பெடலிலிருந்து சுவிட்சைக் கழற்றி, ஒரு பட்டை வைத்து இதில் பொருத்தினார். கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. ஆயில் பிரஷர் முள் நிமிர்ந்து நின்றது. "வந்துட்டுக்கா, வந்துட்டு!" என்று மெக்கானிக் கத்தினார்.

ஆர்டிஓ பரிசோதனை முடிந்ததும் சாமளாபுரம் ரோட்டில் எடுத்தேன். மெக்கானிக் நடுவில், கணவர் ஓரத்தில். டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மீட்டர் அறுபதைத் தொட்டதும், "அறுபதுங்க!" என்று கூவினேன்.

கணவர் மொபைலில் ஜிபிஎஸ் காட்டிய வேகத்தைப் பார்த்தார். "இதுல நாப்பத்தஞ்சுன்னுதான காட்டுது."

மெக்கானிக் அசடு வழிந்தார். "பின்அச்சு பழசுல்லாக்கா, அதோட பல் கணக்கு வேற. மீட்டர் கூட்டிக் காட்டுது. நாளைக்கு லேப்டாப்புல சரி பண்ணிருதேன்."

"அப்ப இன்னும் போலாம்ல புள்ள?" என்றார் கணவர், ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு. கியரை மாற்றினேன்.